பீரோ மேல் இருக்கும் உயிர்

நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயலுக்கும் வயலுக்கும் நடுவே, மனைக்கும் மனைக்கும் நடுவே சங்கிலி போட்டு, புலப்படத்தோடு ஒத்துப்பார்த்து, இங்கே இருக்க வேண்டிய கல் மூன்று அடி தள்ளிப் போயிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே சோறு தின்றவன். இப்படிப்பட்ட ஆசாமி நாலு வயதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ராட்சசன் கதையும் பேசும் கிளிக் கதையும் படித்துக் காட்டுவது மருமகளுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு கவலையாகிவிட்டது.

"மாமா, அவ எல்லாத்தையும் நிஜம்னு நம்பறா. வீட்ல பொய் சொல்லக் கூடாதுன்னு நாமதான் சொல்றோம். நாமளே தினம் ராத்திரி உட்கார்ந்து பொய்யைப் படிச்சுக் காட்டலாமா?"

நியாயமான கேள்வி. பக்தி உள்ள வீட்டுக்கு இன்னும் நியாயமான கேள்வி. ஏனென்றால் அதே மடியில், அதே குரலில், பிரகலாதன் கதையையும் நான்தான் சொல்கிறேன்.

இது எங்கள் ஆதம்பாக்கம் வீட்டில் புதிதாக முளைத்த சந்தேகமும் இல்லை. பிளேட்டோ தம்முடைய 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியிலேயே இதை எடுத்துவிட்டார். பிள்ளைகளுக்கு முதலில் கதைதான் சொல்கிறோம், அது மொத்தத்தில் பொய், உள்ளே கொஞ்சம் மெய்யும் உண்டு என்று சாக்ரடீஸ் வாயால் சொல்ல வைக்கிறார். அதனாலேயே தாய்மாரும் செவிலியரும் எந்தக் கதையைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை ஊரை ஆள்கிறவர்கள் தீர்மானிக்க வேண்டுமாம். தகப்பனைச் சிதைத்த தெய்வத்தின் கதை குழந்தை காதில் விழவே கூடாது என்கிறார். நம் புராணங்கள் அந்தத் தணிக்கைக்குப் போயிருந்தால் பாதி திரும்பி வந்திருக்காது.

பேத்தி போவது மாண்டிசோரி முறை மழலையர் பள்ளி. பெற்றோர் கூட்டத்தில், ஆறு வயதுவரை மாயக் கதைகள் வேண்டாம், மாட்டையும் மரத்தையும் தபால்காரரையும் காட்டும் படப்புத்தகம் போதும் என்றார்கள். சீமைச் சரக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. மரியா மாண்டிசோரி நமக்கு அடுத்த ஊர்க்காரர் மாதிரிதான். 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு அவரை எதிரி நாட்டவராக்கி, சபை வளாகத்துக்குள்ளேயே இருக்கச் சொன்னது. மகன் மாரியோவை முகாமில் அடைத்தது. 1940 ஆகஸ்ட் 31, அம்மாளுக்கு எழுபதாவது பிறந்தநாள். அதற்குப் பரிசாக மகனை விடுவித்தார்கள். ராஜா மனமிரங்கிக் கிழவியின் பிறந்தநாளில் பிள்ளையைத் திருப்பித் தந்தான் என்று ஒரு கதையில் வந்தால், ரொம்பத்தான் ஜோடிக்கிறார்கள் என்போம்.

அவர் இந்தியாவுக்கு வருமுன்பே எழுதிவைத்த வாதம் இது: மாயக் கதையில் கற்பனை செய்கிறவர் பெரியவர், குழந்தை வெறுமனே நம்புகிறது. விவரம் போதாததால் வருகிற அந்த நம்பிக்கையைக் கற்பனைத் திறன் என்று கொண்டாடுகிறோம். அந்த அம்மாள்மேல் எனக்கு மரியாதை உண்டு. பேத்தி 'அ' எழுதக் கற்றது அவர் வகுத்த சொரசொரப்பு அட்டையை விரலால் தடவித்தான். ஆனால் குழந்தை வெறுமனே நம்புகிறது என்ற இடத்தில் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அதற்கு எங்கள் வீட்டில் சொன்ன காக்கை-வடைக் கதையே சாட்சி.

அறிஞர் ரூசோ 1762இல் பிரெஞ்சில் வெளியிட்ட 'எமீல்' என்ற நூலில், லா ஃபோன்தேன் எழுதிய காக்கை-நரிக் கதையை வரி வரியாகப் பிரித்துப்போட்டு, இதைக் குழந்தைக்குச் சொல்லாதே என்கிறார். காக்கையைப் பார்த்து ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொள் என்று நாம் சொல்கிறோம். குழந்தையோ காக்கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு நரியோடு சேர்ந்துகொள்கிறது. தோற்றவன் பக்கம் நிற்க யாருக்குத்தான் பிடிக்கும்? முகஸ்துதி செய்து பிடுங்கித் தின்னும் வித்தையைத்தான் அது கற்றுக்கொள்ளும் என்பது அவர் கட்சி. கூர்மையான வாதம். ஆனால் அந்தப் பிரெஞ்சுக் கதையில் காக்கை மரத்தில் இருக்கிறது, அலகில் பாலாடைக்கட்டி இருக்கிறது, அது யாருடையது என்ற பேச்சே இல்லை. நம் கதை அப்படித் தொடங்குவதில்லை. ஒரு பாட்டி அடுப்பு மூட்டி வடை சுடுகிறாள். அவளிடமிருந்துதான் காக்கை தூக்குகிறது.

கதை முடிந்ததும் பேத்தி கேட்டது ஒரே கேள்வி. "தாத்தா, அந்தப் பாட்டிக்கு வடை திரும்பிக் கெடச்சுதா?"

காக்கை பக்கமும் போகவில்லை, நரி பக்கமும் போகவில்லை. பறிகொடுத்தவள் பக்கம் போனாள். எத்தனையோ தலைமுறையாக நாம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ஏமாறாதே, ஏமாற்றாதே என்று பாடம் எடுத்திருக்கிறோம். பாட்டியின் நஷ்டத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நம்பித் தலையாட்டுகிற பிள்ளைக்கு இப்படிக் கேட்கத் தோன்றாது. கதைக்குள் நடமாடி, யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டு வருகிறவளுக்குத்தான் தோன்றும்.

இனி பொய்க்கு வருகிறேன். பொய்யைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. எல்லைத் தகராறு என்று மனு வரும். நானும் செயின்மேனும் போய் நிற்போம். "சாமி சத்தியமா இந்தக் கல்லு எங்க தாத்தா காலத்துலேருந்து இங்கதான் இருக்கு" என்று ஒருவர் சொல்வார். கல்லின் அடியில் மண் நேற்றுத்தான் வெட்டியதுபோல ஈரமாக இருக்கும். அந்தச் சத்தியத்தின் விலை ரெண்டு சென்ட் நிலம். அங்கே நான் கண்டது இதுதான்: பொய் சொல்கிறவருக்கு அதில் ஏதோ ஒன்று கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் ஒருவரும் மெனக்கெட்டுப் பொய் சொல்வதில்லை.

ராத்திரி எட்டரைக்கு ஏழு கடல் தாண்டிப் போகிற எனக்கு என்ன கிடைக்கிறது? முதுகுவலிதான். ஆனால் அதே வீட்டில், அதே நாளில், லாபம் கருதிச் சொன்ன பொய்களும் உண்டு. சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான், தூங்காவிட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும், ஊசி வலிக்கவே வலிக்காது, செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. இவை எல்லாம் பெரியவர்களின் சவுகரியத்துக்காகச் சொல்லப்பட்டவை. கதையை நினைத்துக் கவலைப்படுகிற பெற்றோர் இதில் ஒன்றைக்கூடப் பொய்க் கணக்கில் எழுதுவதில்லை.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தைத் தொடங்கும்போதே எவருக்கும் எந்தத் தீங்கும் தராத சொல்லே வாய்மை என்று வைத்துவிடுகிறார். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் அந்த இடத்தில் சேரும் என்கிறார் அடுத்த குறளில். இந்த இரண்டாவது குறளை எல்லைத் தகராறு செய்கிறவர்கள்கூட என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! அவர்கள் விழுங்கிவிடுவது 'குற்றமற்ற' என்ற நிபந்தனையை. யாருக்காவது ஒரு துளி தீங்கு வந்தாலும் சீட்டுக் கிழிந்தது. பூச்சாண்டியை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்: குழந்தைக்கு இருட்டில் பயம் மிச்சம், பெரியவருக்கு வேலை மிச்சம். தேறாது. கிளிக்குள் அரக்கன் உயிர் இருந்தது என்பதை வைத்துப் பாருங்கள். யாருக்கும் எதுவும் குறையவில்லை.

அந்தக் கிளிக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு மரம், மரத்தில் ஒரு பொந்து, பொந்தில் ஒரு கிளி, அந்தக் கிளிக்குள் அரக்கனின் உயிர். தமிழ்நாட்டில் பாட்டி இருந்த வீடெல்லாம் கேட்ட கதை. எண்பதுகளில் என்.சி.பி.எச். புத்தகக் கடையில் சோவியத் குழந்தை நூல்களை நாலைந்து ரூபாய்க்குத் தமிழில் வாங்க முடிந்தது. வழவழப்பான தாள், வண்ணப் படம். ரஷ்யக் கதைகளிலும் இந்த அரக்கன் இருக்கிறான். பெயர் கொஷ்செய். அவன் உயிர் ஓர் ஊசி முனையில், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள். பனி கொட்டுகிற ஊரிலும் நம் ஊரிலும் உயிரை உடம்புக்கு வெளியே ஒளித்துவைக்க மனிதனுக்குத் தோன்றியிருக்கிறது.

பேத்தி இந்தக் கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வாள். ஒரு வார்த்தை மாறினாலும் பிடித்துவிடுவாள். ஒருநாள் கிளியின் கால் முறிகிற இடத்தில் கையை வைத்துப் பக்கத்தைத் திருப்பவிடாமல் நிறுத்தினாள்.

"தாத்தா, என் உயிர் எங்க இருக்கு?"

எமன் வீட்டு வாசலில் காத்திருந்து நசிகேதன் கேட்ட கேள்விக்கு இது ரொம்ப தூரமில்லை. செத்த பிறகு மனிதன் இருக்கிறானா, இல்லையா என்று அந்தப் பையன் கேட்டதும், இது மட்டும் வேண்டாம், பொன் தருகிறேன், யானை தருகிறேன், நீண்ட ஆயுள் தருகிறேன் என்று எமனே நழுவப் பார்க்கிறான். நானும் நழுவத்தான் செய்தேன். "நீயே சொல்லேன்" என்றேன். நன்றாக யோசித்தாள். கட்டில், ஜன்னல், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் கண்ணால் அளந்தாள்.

"பீரோ மேல."

ஏன் என்றேன். யாருக்கும் எட்டாதாம். அதற்கப்புறம் கொஞ்ச நாள் பீரோ மேல் சூட்கேஸ் வைக்கவிடவில்லை. மகன் ஊரிலிருந்து வந்து வழக்கம்போல் பையை மேலே எறிந்தபோது வீடே ரெண்டுபட்டது.

மாட்டையும் தபால்காரரையும் காட்டும் படப்புத்தகம் இந்தக் கேள்விவரை அவளைக் கொண்டுவந்திருக்காது. உயிர் என்று ஒன்று உண்டு, அது போகக்கூடியது, பத்திரப்படுத்த வேண்டியது. மூன்றும் நாலு வயதில் ஒரு கிளி வழியாக உள்ளே போய்விட்டன. பயமில்லாமல் போயின என்று சொல்லமாட்டேன். அன்று ராத்திரி என் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். ஆனால் மறுநாளும் அதே கதையைத்தான் கேட்டாள்.

அடுத்தது மதம். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் பரங்கிமலை தெரியும். சுமார் 300 அடி உயரக் குன்று. அதன் மேல் மூன்று கதைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆதம்பாக்கம் நந்தீஸ்வரர் கோயில் தலபுராணப்படி பிருங்கி முனிவர் தவம் செய்த மலை அது; சிவன் அவருக்கு நந்தி வடிவில் காட்சி தந்தாராம். சிவனை மட்டும் வலம்வர வேண்டும் என்று வண்டாக மாறி அர்த்தநாரியைத் துளைத்துக்கொண்டு போனவர் பிருங்கி. அம்பிகை கோபித்துத் தன் பங்கான சதையையும் ரத்தத்தையும் எடுத்துக்கொள்ள, நிற்க முடியாமல் தள்ளாடியவருக்குச் சிவன் மூன்றாவது கால் கொடுத்தார். மேல்வீட்டுப் பையன் வேறு சொல்வான். அவனுக்கு அது புனித தோமையார் மலை. இயேசுவின் சீடர் கி.பி. 72இல் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்விட்ட இடம். 1558இல் அங்குள்ள கல் சிலுவையில் ரத்தம் கசிந்ததாம்.

மூன்றாவது கதை என் கதை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் இந்த மலையடியிலிருந்து பெரும்பாக்கம் குன்று பக்கமாக ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். 57 நாள் பிடித்தது. இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் வேலைக்கு அதுதான் முதல் கோடு. 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் இரும்பு நீளும் என்று அதை மரப்பெட்டியில் கிடத்தி, துணி நிழல் போட்டு, வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். அந்தச் சங்கிலி சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாம் என்று தள்ளி, கல்கத்தா வந்து லாம்டன் கைக்குச் சேர்ந்தது.

பேத்தி மூன்றையும் கேட்டாள். பிருங்கியை ஏற்றுக்கொண்டாள், மூணு கால் என்றால் பேன்ட் எப்படிப் போடுவார் என்று மட்டும் கேட்டாள். மூன்று கால் உள்ளது எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது, அதனால்தான் கோணம் அளக்கும் எங்கள் தியோடலைட்டுக்கும் மூன்று கால் என்று சொன்னேன். தோமையாரை ஏற்றுக்கொண்டாள். லாம்டன் சங்கிலியை மட்டும் நம்பவில்லை. "சும்மா சொல்றீங்க தாத்தா!" மூன்றில் புலப்படம் போட்டு நிரூபிக்கக் கூடியது அது ஒன்றுதான்.

இதிலிருந்து எனக்கு ஒன்று விளங்கிற்று. நடந்ததா இல்லையா என்பதை மட்டும் வைத்து அவள் கதையை எடைபோடவில்லை. கோயில்காரர்களும் சபைக்காரர்களும் பயப்படுவது என்னவோ இந்த இடத்தில்தான். கிளிக் கதையும் பிரகலாதனும் ஒரே மடியில் ஒரே குரலில் போனால், பத்துப் பன்னிரண்டு வயதில் ஒன்றைத் தூக்கி எறியும்போது மற்றதையும் எறிந்துவிடாதா என்ற பயம். எறியலாம்தான். என் மகன் எறிந்தான். அவன் கோயிலுக்கு வருவதில்லை. பிரதோஷத்துக்கு நான் தனியாகத்தான் போகிறேன். ஆனால் தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மர் வருகிற இடத்தை அவன் மகளுக்குச் சொல்லிக் கேட்க வேண்டும். மேஜையைத் தட்டுகிற தட்டலில் எனக்கே உடம்பு சிலிர்க்கும். நம்பிக்கை போன பிறகும் கதை அவனிடம் இருக்கிறது. என் அண்ணன் திராவிடர் கழகக்காரர், புராணப் புளுகைப் பிள்ளைகள் தலையில் ஏற்றாதே என்று என்னிடம் சண்டை போடுவார். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவை எங்கள் வீட்டில் முதலில் பிடுங்கிப் படித்தவரும் அவர்தான். ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமன், கையில் வாள், தோளில் பிணம். அந்தப் பக்கத்தைப் பிரித்துக் கொடுக்கவே மாட்டார்.

"தூணுக்குள்ள அவர் எப்படி மூச்சு விட்டார்? நிஜமா வந்தாரா?" என்று பேத்தி கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்: "கதைல வந்தார். தாத்தா கும்பிடறேன்." இரண்டும் உண்மை. நிஜமாகவே வந்தார், நம்பாவிட்டால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொன்னால்தான் பூச்சாண்டிக் கணக்கில் சேரும். அவள் அப்பா "எனக்கு அப்படித் தோணல" என்பான். அவளுக்கு இரண்டு பதிலும் போதுமானதாக இருக்கிறது, எங்களுக்குத்தான் இல்லை.

நீதி சொல்வது வேறொரு தொல்லை. கடையில் கிடைக்கும் குழந்தைப் புத்தகங்களில் பாதிக்கு மேல் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி 'நீதி' என்று போட்டிருக்கிறார்கள். படித்துக் காட்டும்போது அந்தக் கட்டத்தை நான் கட்டைவிரலால் மறைத்துவிடுவேன். வேதாளக் கதைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் வேதாளம் நீதி சொல்வதில்லை, கேள்வி கேட்கிறது. தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மவுனம் கலைந்து முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த விக்கிரமனுக்குக் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். அந்தப் பேசாமைதான் அவனைக் கரை சேர்க்கிறது. பேரப்பிள்ளைகளிடம் பேசுகிற பெரியவர்கள் இந்த ஒரு கதையையாவது தங்களுக்காகப் படித்துக்கொள்ளலாம்.

மருமகளுக்கு நான் இவ்வளவு நீளமாகப் பதில் சொல்லவில்லை. பூச்சாண்டியையும் போலீஸையும் நிறுத்திவிடுவோம், ராட்சசன் இருக்கட்டும் என்றேன். ஒத்துக்கொண்டாள். இப்போது ஞாயிறுகளில் அவளே படிக்கிறாள். இன்னொரு கதையில் ஓநாய் பாட்டியை விழுங்கியதை, ஓநாய் பாட்டியை அலமாரியில் பூட்டியது என்று மாற்றிப் படித்துப் பேத்தியிடம் திட்டு வாங்குகிறாள்.

வீட்டில் புத்தகம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அதன் கையால் ஒரு புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். படித்துக் காட்டி முடித்ததும், இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.